ஜப்தி யார் வீட்டுக்கு?

சென்ற மாதம் நமது அலுவலகப் படியேறி வந்த பஞ்சாலைத் தோழர் ஒருவர், கையிலிருந்த மஞ்சள் பையை மேஜைமேல் கவிழ்த்தார். இரண்டு காகிதங்கள் விழுந்தன.

முதல் காகிதம் நகராட்சியிலிருந்து வந்தது. வீட்டு வரியும் பாதாளச் சாக்கடைக் கட்டணமும் சேர்ந்து 4,860 ரூபாய் பாக்கி. குறித்த கெடுவுக்குள் கட்டத் தவறினால் வீட்டிலுள்ள அசையும் பொருள்கள் ஜப்தி செய்யப்படும் என்று எச்சரித்தது. இரண்டாவது காகிதம் மடித்து மடித்து வைத்ததில் மடிப்போரம் கிழிந்து போயிருந்தது. பணிக்கொடைச் சட்டப்படி தொழிலாளர் துறை அதிகாரி ஜில்லா கலெக்டருக்கு அனுப்பிய வசூல் சான்றிதழின் நகல் அது. இவர் 27 ஆண்டுகள் நூல் நூற்ற ஆலையின் முதலாளி இவருக்கு 2,14,000 ரூபாயும் அதன் வட்டியும் தர வேண்டும். அதை நிலவரி பாக்கியைப் போல வசூலித்துத் தருக என்பது அதன் சாரம். அதில் போட்டிருந்த தேதிக்கு ஆறு வயது.

தோழர் கேட்டார்: "அவங்க எனக்கு வாங்கித் தர வேண்டியது ரெண்டு லட்சத்துக்கு மேலே. நான் அவங்களுக்குக் கட்ட வேண்டியது ஐயாயிரத்துக்கும் கீழே. அதிலே இதைக் கழிச்சுக்கங்கன்னு நகராட்சியிலே சொன்னேன். 'அது வேற ஆபீஸ், இது வேற ஆபீஸ்'னாங்க. ரெண்டும் சர்க்கார்தானே தோழர்?"

ரெண்டும் சர்க்கார்தான். ரெண்டு காகிதத்திலும் சிங்கமுத்திரைக் கோபுரமுத்திரைக் குறை ஒன்றுமில்லை. முதல் காகிதத்துக்குக் கால் முளைத்து வாசல் வரை வந்துவிட்டது. இரண்டாவது காகிதம் ஆறு ஆண்டுகளாக ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போகவில்லை. இதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம்.

"நிலவரி பாக்கியைப் போல" என்ற இந்தச் சொற்றொடர் எங்கிருந்து வந்தது என்பதை ஒவ்வொரு தொழிலாளியும் தெரிந்துகொள்ள வேண்டும். கும்பெனி ஆட்சியில் சென்னை ராஜதானியின் வருமானம் பெரும்பகுதி நிலவரியாகவே வந்தது. விளைந்தாலும் விளையாவிட்டாலும் கிஸ்தி கட்டியாக வேண்டும். கட்டாத குடியானவனை வெயிலில் குனிய வைத்து முதுகில் கல்லேற்றினார்கள். விரல்களுக்குக் கிட்டி போட்டார்கள். இதை நாம் கற்பனையாகச் சொல்லவில்லை. வெள்ளைக்காரச் சர்க்காரே நியமித்த சித்திரவதை விசாரணைக் கமிஷன், 1855ஆம் ஆண்டில் தன் அறிக்கையில் இவற்றை ஒவ்வொன்றாக எழுதி வைத்தது. 1857 செப்டம்பரில் காரல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் அந்த அறிக்கையை எடுத்துக்காட்டி, இந்தியாவில் கும்பெனியின் வரி எப்படி வசூலாகிறது என்பதை உலகத்துக்குச் சொன்னார்.

அறிக்கை வந்த ஒன்பது ஆண்டுகளில், அதாவது 1864இல், சென்னை வருவாய் வசூல் சட்டம் வந்தது. கிட்டியை உறையில் போட்டுவிட்டுக் காகிதத்தை உருவினார்கள் என்று சொல்லலாம். வரி பாக்கிக்காரனின் அசையும் பொருளை எடுக்கலாம். நிலத்தை ஜப்தி செய்து ஏலம் போடலாம். அதுவும் போதாவிட்டால் ஆளையே பிடித்துச் சிறையில் வைக்கலாம். இதற்கெல்லாம் கோர்ட்டுக்குப் போய் டிக்ரி வாங்க வேண்டியதில்லை. பாக்கி இருக்கிறது என்று சொல்பவரும் கலெக்டர், ஜப்திக்கு உத்தரவு போடுபவரும் கலெக்டர், ஏலச் சுத்தியலைத் தட்டுவதும் அவருடைய ஆள்.

வெள்ளைக்காரன் போனான். கர்ணமும் மணியமும் 1980இல் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர் வந்தார். சட்டத்தின் பெயரில் 'சென்னை' போய் 'தமிழ்நாடு' வந்தது. உள்ளே இருக்கும் சட்டம் அதே சட்டந்தான். போதாக்குறைக்கு, பின்னால் வந்த சட்டம் ஒவ்வொன்றும் "இதையும் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கலாம்" என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டே போயிற்று. புறம்போக்கில் குடிசை போட்ட விவசாயத் தொழிலாளிக்கு வருகிற பி மெமோ இருக்கிறதே, 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அந்தத் தீர்வையும் அபராதமும் இதே வழியில்தான் வசூலாகும். நகராட்சிக்கும் ஊராட்சிக்கும் தனித்தனிச் சட்டங்கள் உண்டு. ஆனால் கேட்பு நோட்டீஸ், வாரண்டு, ஜப்தி, ஏலம் என்ற ஏணிப்படி எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

இந்தச் சட்டத்தின் 48ஆவது பிரிவை நம் தோழர்கள் அறிய வேண்டும். சொத்தை விற்றும் பாக்கி தீராமல், பாக்கிக்காரர் கையில் வைத்துக்கொண்டே வேண்டுமென்று கட்ட மறுக்கிறார் அல்லது மோசடி செய்கிறார் என்று கலெக்டர் நம்பக் காரணமிருந்தால், அவரைக் கைது செய்து சிறையில் வைக்கலாம் என்கிறது அது. எவ்வளவு காலம்? பாக்கி 50 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மூன்று மாதம் வரை. 500 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் ஆறு மாதம் வரை. அதற்கு மேல் எவ்வளவு போனாலும் உச்சவரம்பு இரண்டு வருஷம். ஐந்நூற்றி ஒரு ரூபாய்க்கும் இரண்டு வருஷம், ஐந்நூறு கோடிக்கும் இரண்டு வருஷம்! 1864இல் ஐம்பது ரூபாய் என்பது பண்ணையாளின் பல மாதக் கூலி. சட்டம் எழுதியவன் எந்த வர்க்கத்தை மனத்தில் வைத்து எழுதினான் என்பதற்கு வேறு சாட்சியம் தேவையில்லை.

இந்தப் பிரிவு அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று மலபார்ப் பக்கத்து வருமான வரி பாக்கிக்காரர் ஒருவர் வழக்காடினார். 1957இல் சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆக, பணக்காரனையும் பிடிக்கலாம் என்பது சட்டமாகவே நிலைத்துவிட்டது. பிடிக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

விஜய் மல்லையாவின் விமானக் கம்பெனி 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. பயணிகளிடம் வசூலித்த சேவை வரி சர்க்காருக்குப் போகவில்லை. ஊழியர் சம்பளத்தில் பிடித்த வருமான வரியும் கட்டப்படவில்லை. ஊழியர்களோ மாதக்கணக்கில் சம்பளமே காணவில்லை. சேவை வரித்துறை அவருடைய சொந்த உல்லாச விமானத்தை ஜப்தி செய்தது, நல்லது. 2016இல் ஏலம் போட்டார்கள். குறைந்தபட்ச விலை 152 கோடி என்று வைத்தார்கள். வந்த அதிகபட்சக் கேள்வி 1 கோடியே 9 லட்சம்! கடைசியில் 2018இல் சுமார் 35 கோடிக்கு அது விலை போயிற்று. விமானத்தின் சொந்தக்காரரோ 2016 மார்ச்சிலேயே லண்டன் போய்ச் சேர்ந்துவிட்டார். நம் ஊர்க் குடியானவனின் பசுமாட்டை ஏலம் போட்டபோது அவன் லண்டன் போனதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இது ஒரு தனி மனிதனின் கதை என்று சொல்லித் தப்ப முடியாது. 2017-18ஆம் ஆண்டு முடிவில் வசூலாகாமல் நின்ற நேர்முக வரி 11 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று மத்திய தணிக்கை அதிகாரியின் அறிக்கை கூறியது. அதில் மிகப் பெரும்பகுதியை 'வசூலிக்கக் கடினமானது' என்று வரித்துறையே வகைப்படுத்தி வைத்திருந்தது. பிறகு 2020இல் ஒரு சமரசச் சட்டம், 2024இல் மீண்டும் ஒரு சமரசத் திட்டம். தகராறிலுள்ள வரியைக் கட்டி வழக்கை முடித்துக்கொண்டால் வட்டி, அபராதம் தள்ளுபடி. பழைய சில்லறை வரிக் கேட்புகளையும் 2024இல் ரத்து செய்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதில் சிறிய மாதச் சம்பளக்காரர் பலருக்கும் நிம்மதி. ஆனால் வக்கீல் வைத்துப் பத்து வருஷம் இழுக்கத் தெரிந்தவனுக்கு 'வழக்கு' என்று ஒரு மரியாதையான பெயர் கிடைக்கிறது. வீட்டு வரிக்கு இரண்டு அரையாண்டு தவறிய தொழிலாளிக்கு 'பாக்கிக்காரன்' என்ற பெயர்தான்.

அப்படியானால் வரியே கட்டாதே என்கிறீர்களா என்று சிலர் கேட்பார்கள். நாம் அப்படிச் சொல்லவில்லை. தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் நகராட்சிப் பள்ளிக்கூடமும் இந்த வரியில்தான் நடக்க வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பவை நம் பிள்ளைகள்தான். கட்ட முடிந்தவர் கட்டத்தான் வேண்டும். கேள்வி, யாரிடம் எவ்வளவு, யாரிடம் எவ்வளவு வேகத்தில் என்பது. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் சொத்து வரியை உயர்த்தினார்கள். 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கே நூற்றுக்கு 25 உயர்வு. 601 முதல் 1,200 வரை 50. பழைய சென்னை நகரப் பகுதியில் சின்ன வீட்டுக்கே 50. பெரிய கட்டிடத்துக்குக் கூடுதல் விகிதம் போட்டது சரிதான். ஆனால் கூலி அந்த வருஷம் நூற்றுக்கு 25 ஏறிற்றா? ஏறியிருந்தால் நம் தோழருடைய பையில் முதல் காகிதமே இருந்திருக்காது.

இனி, வாசலில் ஜப்திக்கு வந்து நின்றால் என்ன செய்வது?

முதலில், பயப்படக் கூடாது. பயத்தில்தான் நம் பெண்கள் தாலியில் கிடக்கிற குண்டுமணித் தங்கத்தைக் கழற்றிக்கொண்டு வட்டிக்கடைக்கு ஓடுகிறார்கள். ஐயாயிரம் ரூபாய் வரி, கந்துவட்டியில் விழுந்தால் ஒரு வருஷத்தில் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜப்தியைவிட அந்தக் கடைக்காரன் ஆபத்தானவன்.

வருகிறவர் கையில் எழுத்து மூலமான அதிகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். பில் வந்ததா, கேட்பு நோட்டீஸ் வந்ததா, நோட்டீஸில் சொன்ன கெடு கடந்ததா என்று பாருங்கள். கெடு கடப்பதற்கு முன்னால் வாரண்டு கிடையாது. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று கேளுங்கள். கேட்பது குற்றமாகாது, சொல்ல வேண்டியது அவர் கடமை. 1864ஆம் ஆண்டுச் சட்டமே கூட, வெள்ளைக்காரன் எழுதிய அதே சட்டம், பொருளைச் சூரிய உதயத்துக்குப் பின் அஸ்தமனத்துக்கு முன் மட்டுமே ஜப்தி செய்யலாம் என்கிறது. பாக்கிக்கு மீறி எடுக்கக் கூடாது என்கிறது. எடுத்த பொருளின் பட்டியலைப் பாக்கிக்காரரிடம் கொடுக்க வேண்டும் என்கிறது. விடியுமுன் கதவை இடிக்கிறவரிடமும், பட்டியல் தராமல் வண்டியில் ஏற்றுகிறவரிடமும் இதைச் சத்தமாகச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

எதைத் தொடக் கூடாது என்பதற்கும் சட்டம் உண்டு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு, கோர்ட் டிக்ரிக்காகக்கூட ஜப்தி செய்யக் கூடாதவற்றை எழுதியிருக்கிறது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை, கைத்தொழிலாளியின் கருவிகள், குடியானவனின் ஏர், பிழைப்புக்கு வேண்டிய மாடு, விதை நெல், கூலியாளின் கூலி, சேமநல நிதி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும் இதே விலக்கைத் தன் வசூலுக்கு ஏற்றுக்கொண்டது. மற்ற வரிச் சட்டங்களில் விலக்குப் பட்டியல் கூடலாம், குறையலாம்; அதனால்தான் எந்தச் சட்டம் என்று முதலில் கேட்கச் சொல்கிறோம். பட்டியல் தெரிந்த ஒரு ஆள் தெருவில் இருந்தால் பித்தளைக் குடம் வீட்டிலேயே இருக்கும்.

நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு இன்னொன்று. நிலம் ஏலத்தில் போய்விட்டாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. ஏலம் நடந்த 30 நாளுக்குள் பாக்கியையும் செலவையும், ஏலத் தொகையில் நூற்றுக்கு 5 வீதம் எடுத்தவருக்கும் சேர்த்துக் கட்டினால் ஏலத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஏலம் முறைகேடாக நடந்து நஷ்டம் வந்தது என்றாலும் அதே 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். முப்பத்தோராம் நாள் போய் அழுவதில் பயனில்லை. நம்மில் எத்தனை பேர் ஏலம் நடந்ததே தெரியாமல் அந்த முப்பது நாளைக் கோட்டை விட்டிருக்கிறோம்! கிராம நிர்வாக அலுவலர் ஆபீஸ் சுவரில் ஒட்டுகிற காகிதத்தை வாரம் ஒருமுறை படித்துச் சொல்வது ஒவ்வொரு கிளையின் வேலையாக இருக்க வேண்டும்.

ஆனால் காகித ஞானம் மட்டும் ஜப்தியை நிறுத்தாது. குஜராத்தில் பர்தோலி தாலுகாவின் கதை பலருக்கும் பெயரளவில் தெரியும். அங்கே நிலவரியை நூற்றுக்கு 22 வீதம் ஏற்றினார்கள். 1928இல் குடியானவர்கள் ஏறிய வரியைக் கட்டுவதில்லை என்று உறுதி எடுத்தார்கள். வல்லபாய் படேல் தலைமை. சர்க்கார் ஜப்திப் பட்டாளத்தை இறக்கியது. அதற்கென்று பட்டாணியர்களைக் கூலிக்கு வைத்தது. ஜப்தி அதிகாரி வருவதைக் கண்டதும் கொட்டு முழங்கும். ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். எருமைகளைப் பிடித்துப் போகிறார்கள் என்று எருமைகளையும் வீட்டுக்குள்ளேயே கட்டி வைத்தார்கள். மாதக்கணக்கில் வெயில் படாமல் எருமையின் நிறமே வெளுத்துப் போயிற்று என்று படேல் கேலி பேசினாராம். ஜப்தி செய்த பொருளைத் தூக்க ஆள் கிடைக்கவில்லை, வண்டி கிடைக்கவில்லை, ஏலம் கேட்க உள்ளூரில் நாதியில்லை. ஆகஸ்டில் சர்க்கார் இறங்கி வந்தது. பிறகு விசாரித்த இரண்டு வெள்ளைக்கார அதிகாரிகளே, நியாயமான உயர்வு சுமார் நூற்றுக்கு 6தான் என்று எழுதினார்கள். பறித்த நிலங்கள் திரும்பி வந்தன.

ஏலம் கேட்க ஆளில்லாத ஜப்தி வெறும் காகிதம் என்பதைப் பர்தோலி காட்டியது. அதோடு வேறொன்றையும் காட்டியது. அந்த நிலங்களில் உழைத்தவர்கள் துப்ளா என்று அழைக்கப்பட்ட ஆதிவாசிப் பண்ணையாட்கள். தலைமுறை தலைமுறையாகப் பட்டிதார் வீட்டில் கடனுக்கு அடிமைப்பட்டுக் கிடந்தவர்கள். வரி குறைந்தது, நிலக்காரர் மீண்டார், பண்ணையாளின் கடன் பத்திரம் அப்படியே இருந்தது. அவர்களுடைய கூலிக்காக எந்த ஜப்தி அதிகாரியும் எந்தப் பட்டிதார் வீட்டு வாசலுக்கும் போகவில்லை.

மஞ்சள் பையின் இரண்டாவது காகிதத்துக்கு இங்கேதான் வருகிறோம். ஜப்தி என்றால் நம் வீட்டுக்கு வருவது என்று மட்டுமே நாம் பழகிவிட்டோம். உண்மையில் அந்த வெள்ளைக்காரன் செய்த அரிவாளுக்கு, தொழிலாளி வர்க்கம் போராடி ஒரு பிடி போட்டிருக்கிறது. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் 33-சி பிரிவு என்ன சொன்னது? முதலாளி தொழிலாளிக்குத் தர வேண்டிய பணத்தைத் தராவிட்டால், சர்க்கார் கலெக்டருக்குச் சான்றிதழ் அனுப்பி நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கலாம் என்றது. 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின் 8ஆவது பிரிவும் அதையே சொன்னது. கூட்டு வட்டியும் சேர்த்துச் சொன்னது. இந்தச் சட்டங்களைத் தள்ளிவிட்டு நான்கு தொகுப்புகளைக் கொண்டுவந்தவர்கள்கூட இந்த வழியை அடைக்கத் துணியவில்லை. 2020இல் இயற்றிய தொழிலுறவுத் தொகுப்பிலும் அது எழுதப்பட்டிருக்கிறது.

அதாவது, கலெக்டர் நினைத்தால் ஆலை முதலாளியின் காரை ஜப்தி செய்யலாம். அவருடைய கிடங்கில் உள்ள நூல் பேல்களை எடுக்கலாம். நிலத்தை ஏலம் போடலாம். கையில் வைத்துக்கொண்டு கட்ட மறுக்கிறார் என்று தெரிந்தால் 48ஆவது பிரிவை முதலாளி மேலும் போடலாம். 1957 தீர்ப்பு அதைத் தடுக்கவில்லை. 4,860 ரூபாய்க்கு உள்ள அதே அதிகாரம் 2,14,000 ரூபாய்க்கும் உண்டு.

நடப்பதென்ன? சான்றிதழ் கலெக்டர் ஆபீஸுக்குப் போகிறது. அங்கிருந்து தாசில்தாருக்கு. ஆலை ஒரு தாலுகாவில், முதலாளி வீடு இன்னொரு தாலுகாவில் என்று காகிதம் திரும்புகிறது. பிறகு "பாக்கிக்காரர் பெயரில் சொத்து ஏதும் இல்லை" என்று ஒரு அறிக்கை. மாடி வீடு மனைவி பேரில், நிலம் மகன் பேரில், இயந்திரம் பாங்க் அடமானத்தில். தொழிலாளி வீட்டில் பித்தளைக் குடம் யார் பேரில் இருக்கிறது என்று எவராவது கேட்டதுண்டா?

ஆலையே திவாலாகிப் போனாலும் தொழிலாளிக்கு இடம் உண்டு என்பதை மறக்கக் கூடாது. அதுவும் சும்மா கிடைத்ததில்லை. கம்பெனியைக் கலைக்கிற வழக்கில் தொழிலாளிக்கு என்ன வேலை, அது பங்குதாரரும் கடன்காரரும் பேசிக்கொள்கிற விஷயம் என்று நீண்ட காலம் சொல்லி வந்தார்கள். கோவைத் தொழிலாளர் சம்பந்தப்பட்ட வழக்கில், 1982 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், கம்பெனியைக் கலைப்பதற்கு முன் தொழிலாளியின் குரலையும் கேட்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 1985இல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி, கூலி பாக்கியை ஈட்டுக் கடன்காரரோடு சம வரிசையில் வைத்தார்கள். 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டம் அதைக் குறுக்கி, கலைப்புக்கு முந்திய 24 மாதக் கூலியை மட்டும் அந்த வரிசையில் நிறுத்தியது. சர்க்காரின் வரி பாக்கி அதற்குக் கீழே. சேமநல நிதி, பணிக்கொடை நிதி ஆகியவற்றில் தொழிலாளிக்குச் சேர வேண்டியது கடன்காரர் பங்கு போடும் சொத்திலேயே சேராது. முதலாளி பணிக்கொடைக்கென்று நிதியே ஒதுக்காமல் ஏமாற்றியிருந்தால் தகராறு அங்கே தொடங்குகிறது. பிறகு 2022இல் குஜராத் விற்பனை வரி வழக்கொன்றில், அந்த மாநிலச் சட்டப்படி சர்க்காரும் ஈட்டுக் கடன்காரர்தான் என்று ஒரு தீர்ப்பு. 2023இல் அதன் வீச்சைக் குறுக்கி இன்னொரு தீர்ப்பு. வக்கீல்கள் வரிசையைப் பற்றி வாதாடிக்கொண்டே இருக்கட்டும். கோரிக்கை மனுவைக் கெடுவுக்குள் கலைப்பதிகாரியிடம் கொடுக்காத தொழிலாளி வரிசையிலேயே இல்லை என்பதை மட்டும் சங்கத் தோழர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொரு சூழ்ச்சியையும் கண்டிருக்கிறோம். வரித்துறை ஆலைக் கதவில் முத்திரை வைத்ததும், முதலாளி தொழிலாளிகளைக் கூப்பிட்டு, "சர்க்கார் பூட்டிவிட்டது, நான் என்ன செய்வேன்? நீங்கள் போய்ச் சர்க்காரோடு சண்டை போடுங்கள்" என்பார். கூலியைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, நம்மையே தனக்கு மனுக் கொடுக்க அனுப்புவார்! வரி பாக்கி வைத்தது நாம் அல்லவே. ஆலை திறக்க வேண்டும் என்று நாம் கேட்போம், கூலி பாக்கியைத் தீர்த்துத் திற என்று கேட்போம்.

நமது கோரிக்கைகள் எளியவை. சிறு வீட்டில் குடியிருக்கும் தொழிலாளியின் வரி பாக்கிக்குப் பாத்திரம் பண்டம் ஜப்தி என்ற மிரட்டலை நிறுத்த வேண்டும். தவணை கேட்டால் எழுத்தில் கொடுக்க வேண்டும். வீட்டுமனைப் பட்டா கேட்டு நிற்கிற புறம்போக்குக் குடிசைகளுக்குப் பி மெமோ அபராதம் கூடாது. ஒவ்வொரு தாலுகா ஆபீஸிலும், தொழிலாளர் துறையிலிருந்து வந்த வசூல் சான்றிதழ்கள் எத்தனை, எந்த முதலாளி மேல் எவ்வளவு, எதுவரை வந்திருக்கிறது என்ற பட்டியலைச் சுவரில் ஒட்ட வேண்டும். நகராட்சி, வரி பாக்கிக்காரர் பட்டியலைப் போட்டு மானத்தை வாங்கத் தெரிந்திருக்கிறதல்லவா? கலெக்டரும் அதே பசையைக் கொஞ்சம் உபயோகிக்கட்டும்.

நம் தோழர் விஷயம் என்னாயிற்று என்று கேட்பீர்கள். தெருவில் அதே நோட்டீஸ் பதினோரு வீட்டுக்கு வந்திருந்தது. பதினோரு வீட்டாரும் சங்கத் தோழர்களும் சேர்ந்து நகராட்சிக்குப் போனார்கள். முதலில் 'முடியாது' என்றார்கள். ஒரு மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்த பிறகு மூன்று தவணைக்கு ஒப்புக்கொண்டார்கள். முதல் தவணையைக் கட்டி ரசீது வாங்கியாயிற்று. ஒரு வீட்டில், இறந்துபோன தகப்பனார் பெயரில் ஏற்கெனவே கட்டிய வரியை மறுபடி கேட்டிருந்தது கணக்கைப் பார்த்ததும் வெளிவந்தது; அதை ரத்து செய்தார்கள்.

இரண்டாவது காகிதம் இன்னும் பையில்தான் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். அதே ஆலையில் வேலை பார்த்து வசூல் சான்றிதழ் நகலோடு காத்திருப்பவர்கள் இதுவரை 38 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். முதலாளியின் வீடு எந்தத் தெருவில், கார் எந்த நம்பர், கிடங்கு யார் வாடகைக்கு எடுத்திருக்கிறார் என்ற விவரங்களைத் தோழர்களே எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள். சொத்து இல்லை என்று எழுதிய தாசில்தார் ஆபீஸுக்கு அந்தத் தாளையும் சேர்த்துக் கொடுக்கப் போகிறோம். மற்ற ஆலைத் தோழர்கள், மில் மூடி எத்தனை வருஷமானாலும், கையிலுள்ள சான்றிதழின் நகல் ஒன்றைச் சனிக்கிழமை மாலைக்குள் சங்க ஆபீஸில் சேர்க்கவும். அசல் காகிதத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.